கேரர்ஸ் அலவன்ஸ்: காத்திருக்கும் மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வாங்குவது எப்படி

பிரிட்டனில் வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் 2025-26இல் வாரத்துக்கு 83.30 பவுண்ட். வாரம் 35 மணி நேரமாவது கவனிக்க வேண்டும். வேலைக்குப் போனால் வரியெல்லாம் போக வாரச் சம்பளம் அந்த ஆண்டுக் கணக்கில் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. மற்ற விதிகள் அரசுத் தளத்திலேயே இருக்கின்றன. அம்மாவுக்காக இந்த வேலையை முடித்த கையோடு, காத்திருப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான்; ஸ்காட்லாந்தில் ஏற்பாடே வேறு.

நம்மை அதிகம் காக்க வைப்பது கேரர்ஸ் அலவன்ஸ் அல்ல. நீங்கள் கவனிப்பவருக்கு முதலில் வேறொரு உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். அந்த முடிவு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

முதல் படி: அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்து அதன் படிவம் கேளுங்கள். தபாலில் வரும் படிவத்தை ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால், நீங்கள் போன் செய்த நாளே விண்ணப்பித்த நாள். தளத்திலிருந்து இறக்கி அச்சிட்டு அனுப்பினால் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு. எனக்கு எப்போதும் போன்தான்.

இரண்டாவது, படிவம். ராத்திரி பாத்ரூம் போக யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது வரை எழுதுங்கள். "நான் சமாளிச்சுக்குவேன்" என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதினால் காரியம் கெட்டது.

மூன்றாவது படியில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். கேரர்ஸ் அலவன்ஸ் சாதாரணமாக மூன்று மாதம் மட்டுமே முன்தேதியிட்டுக் கிடைக்கும். ஆனால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், அந்தத் தொகை தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் கிடைக்கும். ஜனவரியில் போன் செய்தீர்கள், ஜூன் 10 தேதியிட்ட கடிதம் வந்தது என்று வையுங்கள். செப்டம்பர் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்தால் ஜனவரியிலிருந்து பணம். அக்டோபரில் விண்ணப்பித்தால் ஜூலைக்கு முன்னால் உள்ளதெல்லாம் போச்சு. கடிதத்தில் இரண்டு தேதிகள் இருக்கும்: மேலே கடிதம் எழுதிய தேதி, உள்ளே பணம் தொடங்கும் தேதி. கெடுவை முதல் தேதியிலிருந்து எண்ணுங்கள். எந்த நாளிலிருந்து வேண்டும் என்று படிவம் கேட்கும் இடத்தில் இரண்டாவதைப் போடுங்கள்.

கேரர்ஸ் அலவன்ஸ் விண்ணப்பத்தை ஆன்லைனில் முடித்துவிடலாம். தேசிய காப்பீட்டு எண், வங்கி விவரம், கடைசிச் சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் ஒன்று. அம்மா தனியாக வசித்து, பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு அரசு தரும் தொகை) கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை வாங்கினால், உங்களுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வரத் தொடங்கியதும் அவருடைய அந்தத் தொகை நின்றுவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: கவனித்துக்கொள்ளும் நாமே அரசு ஓய்வூதியம் வாங்கினால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். முழு அரசு ஓய்வூதியம் வாங்குபவருக்கு இந்தப் பணம் கையில் வராது. இருந்தாலும் விண்ணப்பியுங்கள், தகுதி உண்டு என்ற கடிதம் இருந்தால் பென்ஷன் கிரெடிட் கூடலாம். விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள் எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.