4 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் பாதி இடம் காணவில்லையா?

கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தை முகூர்த்தங்கள் முடிவதற்குள் என்னிடமிருந்த இரண்டு 1 டெராபைட் டிஸ்க்குகளும் நிரம்பிவிட்டன. புதிதாக 4 டெராபைட் வாங்கி, இரவெல்லாம் விழித்திருந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். விடிந்த பிறகுதான் பார்த்தேன்: 2048 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தது. மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாகக் கிடந்தது. எதுவும் செய்ய முடியவில்லை. அனைத்தையும் அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

வாங்கும்போது

எடிட்டிங்குக்கு சி.எம்.ஆர். வகையையே வாங்குங்கள்; அதில் தரவு எழுதப்படும் வட்டத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர். வகையில், ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும். அதே தகட்டில் கூடுதலாகக் கொள்ளும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். நிரம்ப நிரம்ப வேகம் குறையும். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்க அது போதும்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குலத் தகடுகள் 50 இருந்தன; கொண்டதோ ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். 2005இல் காந்தத் துணுக்குகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி எழுதும் முறை விற்பனைக்கு வந்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைகளை நிமிர்த்தி வைத்தால் அதே தரையில் அதிகம் கொள்வதைப் போன்றது அது. 2013இல் உள்ளே ஹீலியம் அடைத்து 7 தகடுகளை வைத்தார்கள். இத்தனை பேருடைய உழைப்பில் கிடைத்த இடத்தைப் பாதி வீணாக விடக் கூடாது.

மாட்டிய பிறகு

கேபிள்களை இணைத்து, விண்டோஸில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எம்.பி.ஆர்., ஜி.பி.டி. இரண்டில் எது என்று கேட்கும். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் முறைகள் இவை; முன்னது பழையது, பின்னது புதியது. ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள். என்னுடைய விண்டோஸ் 7 கணினியில் எம்.பி.ஆர். முன்கூட்டியே தேர்வாகியிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டம்தான் செக்டார். எம்.பி.ஆர். ஒவ்வொரு செக்டாரின் எண்ணையும் 32 பிட்டில், அதாவது 32 இலக்க இரும எண்ணாகக் குறிக்கிறது. அதில் சுமார் 429 கோடி எண்களே அடங்கும். ஒரு செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2048 ஜிபி. அதற்கு மேல் டிஸ்க்கில் இடம் இருந்தாலும் முகவரி இல்லை.

ஏற்கெனவே எம்.பி.ஆர். கொடுத்துவிட்டீர்களா? தரவுகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அந்த டிஸ்க்கின் வால்யூம்களை (பிரித்து வைத்த பகுதிகளை) எல்லாம் நீக்குங்கள். பிறகு இடது ஓரத்தில் 'டிஸ்க் 1' என்பதுபோல எழுதியிருக்கும் சாம்பல் நிறக் கட்டத்தின்மேல் வலது கிளிக் செய்து, ஜி.பி.டி.க்கு மாற்றச் சொல்லுங்கள். வலப்பக்கப் பட்டையில் கிளிக் செய்தால் ஜி.பி.டி.க்கு மாற்றும் வாய்ப்பு வராது. நான் அரை மணி நேரம் தேடியது இதைத்தான். டிஸ்க்கின் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து டிஸ்க்கை அழித்துவிட்டால் ஒருவர் வீட்டுக் கல்யாணமே போய்விடும்.

முடிந்ததும் 3726 ஜிபி காட்டும். குறைவில்லை, நிறுவனம் 1000த்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது.

நகலெடுக்க டெராகாப்பி என்ற மென்பொருளைப் பரிந்துரைப்பேன். சரிபார்ப்பு வசதியை இயக்கிவிட்டால், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும்.

பின்னர் சேர்த்தது: பெருந்துறை வாசகர் ஒருவர், டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க உதவும் யுஎஸ்பி பெட்டியில் வைத்து நிரப்பிய டிஸ்க்கைக் கணினிக்குள் மாட்டியதும் காலியாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். சில பெட்டிகள் செக்டாரை 4096 பைட்டாகக் காட்டும். நேரடியாக இணைத்தால் கணக்கு மாறிவிடும். ஃபார்மேட் கொடுக்காதீர்கள். அதே பெட்டியில் திரும்பப் போட்டால் கோப்புகள் தெரியும். அவருக்கும் தெரிந்தன.