பல்லித் தொட்டியும் பினாயிலும்: என் அனுபவம்

லெப்பர்ட் கெக்கோ என்ற என் வளர்ப்புப் பல்லியின் கண்ணாடித் தொட்டியைத் தரை துடைக்கும் பினாயிலால் கழுவிவந்தேன். நாற்றம் அடங்கினாலும், பல்லி கண்களை இறுக மூடி மூலையில் ஒடுங்கிக் கிடந்ததைக் கண்டு பதறிப்போனேன். பீனால் கலந்த கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு என்பதைக் கால்நடை மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தேன்.

இப்போது பல்லியை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, சுண்ணாம்புபோல் காய்ந்து ஒட்டிய எச்சத்தைச் சோப்பு நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுக்கிறேன். அழுக்கு மிஞ்சினால், அடுத்துத் தடவும் பிளீச்சின் (குளோரின் சார்ந்த வெளுப்புத் திரவம்) வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும் என்பதால் இதுவே முக்கியமான வேலை. சோப்பை அலசியபின், 1 பங்கு வாசனையற்ற பிளீச்சை 10 பங்கு தண்ணீரில் கலந்து தடவி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, வாடை அறவே போகும்வரை அலசி உலர்த்துகிறேன். வினிகரையோ அம்மோனியாவையோ அதனுடன் ஒருபோதும் சேர்ப்பதில்லை. நச்சு வாயு கிளம்பும். சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி தொற்றக்கூடும் என்பதால் சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவுவதில்லை.