மவுண்டன் பைக் ஹேண்டிலை வீதிக்கு ஏற்றபடி இறக்குவது எப்படி?

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு மவுண்டன் பைக்கில் ஏறியவர்களுக்குத் தெரியும். செங்குத்தான இடத்தில் முன்சில்லு பாரமில்லாமல் அலையும். எதிர்க்காற்று வேறு நெஞ்சில் அறையும். கல்லும் பள்ளமுமான பாதைக்காக உயர்த்தி வைத்த ஹேண்டில் அது. காபட் வீதியில்தான் ஓடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் இறக்கலாம். எலன் கீ செட் ஒன்று போதும்.

முதலில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைப் பாருங்கள். மேலே ஒரு மூடி, பின்பக்கம் இரண்டு போல்ட், கீழே சில வளையங்கள் இருந்தால் இந்த முறை சரிவரும். அந்த வளையங்கள்தான் ஸ்பேசர். பழைய சைக்கிள்களில் ஸ்டெம் ஒரே கம்பியாக, முன்சில்லைப் பிடிக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும். அதற்கு வழி வேறு.

பைக்கின் இரண்டு சில்லும் தரையில் இருக்கட்டும். தூக்கி வைத்தால் ஸ்டெம்மைக் கழற்றியதும் முன் ஃபோர்க் நழுவி விழும்.

மேல் மூடியின் போல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் பின்பக்கப் போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஸ்டெம்மை மேலே உருவுங்கள். கீழேயிருந்து 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் ஒன்றை எடுத்து, ஸ்டெம்மைத் திரும்பப் போட்டு, அதன் மேல் வையுங்கள். எந்த ஸ்பேசரையும் வெளியே விட்டுவிடாதீர்கள். ஃபோர்க் குழாயின் நுனி மேல் வளையத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். இல்லையென்றால் மூடி குழாயில் முட்டி நின்றுவிடும், ஃபோர்க்கின் ஆட்டம் போகாது.

இறுக்கும் வரிசையில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மேல் மூடி ஹேண்டிலைப் பிடித்து வைப்பதில்லை. உள்ளே உள்ள பெயரிங்குகளை அழுத்தி ஆட்டத்தை எடுப்பது மட்டுமே அதன் வேலை. ஹேண்டிலைப் பிடிப்பவை பின்பக்கப் போல்ட்டுகள். ஆகவே மூடியை முதலில் மெதுவாக இறுக்குங்கள். ஹேண்டிலை முன்சில்லுக்கு நேராக்குங்கள். கடைசியில் பின்பக்கப் போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும். 5 அல்லது 6 நியூட்டன் மீற்றர் என்பது வழக்கம்.

முன் பிரேக்கைப் பிடித்து பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் பின்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி பாருங்கள். ஹேண்டில் திருப்பக் கடினமாக இருந்தால் மூடி அதிகம் இறுகிவிட்டது.

ஒரே நாளில் எல்லா ஸ்பேசரையும் மேலே ஏற்ற வேண்டாம். நான் அப்படிச் செய்துவிட்டு நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கினேன். உடல் பாரம் முழுவதும் கைக்கு வந்து, பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப் போயின. நம் மலைகளில் ஏறிய தூரத்தை இறங்கியும் ஆக வேண்டும். ஒரு ஸ்பேசர் இறக்கி ஒரு வாரம் ஓடுங்கள். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்காவிட்டால் அடுத்தது.

ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் வயர் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள். முதல் ஓட்டம் பக்கத்துக் கடை வரை போதும். திரும்பி வந்ததும் பின்பக்கப் போல்ட் இரண்டையும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.