அட்டையின் பின்பக்கம்: ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் என் தாய்மாமா வீட்டுக் கராஜில், அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் முப்பது ஆண்டுகள் கிடந்த இரண்டு மரப்பெட்டிகளிலிருந்துதான் என் சேகரிப்பு தொடங்கியது. முதல் பெட்டியில் பாகவதரும் சின்னப்பாவும் பாடிய, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகள் இருந்தன. அவற்றின் நடுவே ஜோகன்னஸ்பர்க்கில் வெளியான க்வேலா (சிறு குழலில் வாசிக்கும் தென்னாப்பிரிக்கத் தெரு இசை), ஜாஸ் தட்டுகள் சிலவும் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் படிந்திருந்த பூஞ்சையை நீக்க, மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். சற்று நேரத்தில் பஞ்சு கறுத்தது, தட்டின் பளபளப்புப் போயிற்று. இன்றைக்கும் அந்த இடத்தில் ஊசி வைத்தால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தட்டு பிழைத்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்தன என்பதால், இங்கே ஜாஸ் தேடுபவரின் கைக்கு அவை வந்தே தீரும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைக் கலந்து, லேபிளில் ஈரம் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்மையாகத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். எல்.பி. எனப்படும் நெடுநேரம் ஓடும் வினைல் தட்டுக்கான ஊசியை 78 தட்டில் வைப்பதும் இதே அளவு பரவலான தவறு. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி தேவை. எல்.பி. ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான் வரைதான் இருக்கும். ஆகவே அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியிலுள்ள தூசியில் உரசிக்கொண்டே போகும். தட்டு தேய்ந்துவிட்டது என்று நாம் ஒதுக்கி வைத்த எத்தனையோ தட்டுகள் உண்மையில் தவறான ஊசியால் கெட்ட பெயர் வாங்கியவை.

டர்பனின் ஈரக்காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், கராஜிலும் காரிலும் வைக்காதீர்கள், பழைய காகித உள்ளுறையில் பூஞ்சை இருந்தால் உறையைத் தூக்கி எறியாமல் தட்டை மட்டும் புதிய உறைக்கு மாற்றி, பழையதைத் தனியே காயவைத்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் பொருளைக் கெடுக்கும் தவறுகள். சேகரிப்பையே திசைமாற்றும் தவறு வேறொன்று: அட்டையின் முன்பக்கத்தில் உள்ள பெரிய பெயரை மட்டும் பார்த்து வாங்குவது. ஜாஸ் இசையில் தட்டு ஒருவர் பெயரில் வந்தாலும் வாசிப்பவர்கள் நான்கைந்து பேர், சில சமயம் அதற்கும் மேல். அவர்கள் யார் என்பது பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். மாமாவின் இரண்டாவது பெட்டியில் எல்.பி.க்கள் இருந்தன. அவற்றில் ஒன்று வின்ஸ்டன் மன்குன்கு என்கோசியின் 1968ஆம் ஆண்டுத் தட்டான ‘யக்கல் இன்கோமோ’. கதறும் எருது என்பது அதன் பொருள். தென்னாப்பிரிக்க ஜாஸ் பற்றிப் பேசும் யாரும் இந்தத் தட்டைத் தாண்டிப் போக முடியாது. நானும் மன்குன்குவின் டெனர் சாக்ஸபோனுக்காகவே அதைப் பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அட்டையைத் திருப்பியபோதுதான், பின்பக்கத்தில் ஒரு பெயரின் கீழே மாமா பென்சிலால் கோடு போட்டிருந்ததைக் கண்டேன். பியானோ வாசித்தவர் லயனல் பிள்ளை. நம் தெருக்களில் அழைப்புமணிக்கு அருகே பலகையில் காணும் அதே பிள்ளை.

அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். லயனல் பிள்ளை தம் பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டிருக்கிறார். அவற்றில் ‘ப்ளம் அண்ட் செர்ரி’யில் சாக்ஸபோன் வாசித்தவர் பேசில் குட்சியா. அதே குட்சியாதான் 1974இல் கேப் டவுனில் பதிவான ‘மானன்பர்க்’கில் வாசித்தவர். 13 நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டைப் பியானோவில் நடத்திச் செல்பவர் டாலர் பிராண்ட். அதை வெளியிட்டவர், ஜோகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய ரஷீத் வாலி. அவருடைய ‘அஸ்-ஷம்ஸ்’ என்ற வெளியீட்டு முத்திரையைத் தொடர்ந்தால் சாக்ஸபோன் கலைஞர் கிப்பி முகெட்சியும் பியானோ கலைஞர் பாட் மட்ஷிகிசாவும் கிடைப்பார்கள். எந்தத் தரவரிசைப் பட்டியலும் இப்படி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. சிறந்த நூறு தட்டுகள் என்ற பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக வாங்குபவரிடம் நூறு தட்டுகள் சேரும், ஆனால் ஒன்றுக்கொன்று உறவிருக்காது.

பெயர்கள் மாறுவதைக் கவனிக்காமல் விடுவது இதனோடு ஒட்டிய தவறு. டாலர் பிராண்ட் 1960களின் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராஹிம் ஆனார். ஆயினும் அதற்குப் பிறகு வந்த தட்டுகளிலும் பழைய பெயர் அச்சாகியிருக்கிறது. ஆகவே இரண்டு பெயர்களிலும் தேடாதவர் பாதியைத் தவறவிடுவார். ‘மானன்பர்க்’ தட்டு அமெரிக்காவில் ‘கேப்டவுன் ஃப்ரிஞ்ச்’ என்ற வேறு தலைப்பில் வெளியானது என்பதை அறியாமல், ஒரே பதிவை இருமுறை வாங்கியவர்கள் உண்டு. நம் நாட்டு ஜாஸ் நம் நாட்டிலேயே முழுமையாகக் கிடைக்கும் என்று எண்ணுவதும் சரியல்ல. நிறவெறி ஆட்சியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். 1964இல் ப்ளூ நோட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஜாஸ் குழு ஐரோப்பாவுக்குப் போயிற்று. அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் 1963இல் டாலர் பிராண்டின் மூவர் குழுவைப் பாரிஸில் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்க ஜாஸின் ஒரு பெரும் பகுதி லண்டன், பாரிஸ் என்று அச்சிட்ட லேபிள்களில்தான் இருக்கிறது.

முதல் அச்சுதான், அதாவது தட்டு முதன்முதலில் வெளியானபோது அச்சான பிரதிதான், வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நண்பர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வை எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 2ஆம் தேதிப் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று பாட்டுகளும் சரியான வேகத்தில் ஒலிக்கும்போது சுருதி கூடிவிட்டன. தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்ற எவருடைய பியானோவும் அதனுடன் ஒத்துப்போகாது. 1990களில் வந்த பதிப்புகளில்தான் இது திருத்தப்பட்டது. ஆரம்பப் பிரதிகளில் இரண்டாம் பக்கப் பாட்டுகளின் பெயர்கள்கூட இடம் மாறி அச்சாகியிருந்தன. ஆக, பெரும்பணம் கொடுத்து வாங்கும் முதல் அச்சின் முதல் பக்கத்தில் கேட்பது கலைஞர்கள் வாசித்த சுருதி அன்று. அதேபோல் ஜாஸ் எபிஸில்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் குழுவின் 1960ஆம் ஆண்டுத் தட்டு 500 பிரதிகளே அச்சானதாகச் சொல்லப்படுகிறது. ஹியூ மசெகெலாவும் ஜோனஸ் குவாங்வாவும் இளமையில் வாசித்த அந்த இசையைக் கேட்க மறுபதிப்பே போதும், ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டாம்.

முதல் அச்சே வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அட்டையை நம்பி வாங்கக் கூடாது. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பட்டையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் நிறுவனத்தின் பழைய தட்டுகளில் ஒலிப்பொறியாளர் வான் கெல்டரின் முத்திரையும், காது மடலைப் போன்ற ஒரு சிறு குறியும் அங்கே இருக்கும். அந்தக் காது, 1966 வரை அவற்றை அச்சிட்ட ப்ளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். விற்பவர் ‘வெரி குட்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இசைத்தட்டு வணிகத்தில் அது கீறல்களும் இரைச்சலும் தெளிவாகக் கேட்கும் தட்டைக் குறிக்கும். மென்மையான பாலட் பாட்டுகளுக்கு அது தாங்காது.

கேட்கும் முறையிலும் ஒரு தவறு நடக்கிறது. அது நம்மவர்களுக்கே உரியது. கோயில் கச்சேரிகளில் வளர்ந்த காது ஜாஸிலும் ராகத்தைத் தேடும். ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் பாட்டான ‘சோ வாட்’டின் சுரங்கள் கரஹரப்பிரியாவின் சுரங்களே என்பது உண்மை. 32 பார்கள் (தாள அளவுகள்) கொண்ட சுற்றில் முதல் 16 பார்கள் அந்தச் சுரங்களில் நிற்கும். அடுத்த 8 பார்களில் ஆதார சுருதியே அரைச் சுரம் மேலே ஏறிவிடும். கடைசி 8 பார்களில் பழைய இடத்துக்குத் திரும்பும். நாம் கமகத்துக்காகக் காத்திருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தவறவிட்டுவிட்டு, இசை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று சலித்துக்கொள்வோம். ராகத்தை விட்டுவிட்டு, ஆவர்த்தனத்தை எண்ணுவதுபோல் அந்த 32 பார்களைக் கையில் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் அந்தச் சுற்றின் எந்த இடத்தில் நுழைகிறார், எங்கே ஒப்படைக்கிறார் என்பது மூன்றாம் முறையிலேயே பிடிபடும். கல்பனாசுரத்தில் தனி ஒருவர் கணக்கை முடிக்கும் இடத்துக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது கடினமே அன்று.

கடைசியாக ஒன்று. பெட்டியை வாங்குகிறவர்கள் அதன் சொந்தக்காரரிடம் பேசாமல் போய்விடுகிறார்கள். டர்பன் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற கேளிக்கை விடுதியில் 1950களில் ஜாஸ் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பார்கள். அவர்கள் கேட்ட இரவுகளில் பெரும்பாலானவை எந்தத் தட்டிலும் இல்லை. தட்டின் உள்ளுறைக்குள் நுழைவுச்சீட்டோ, கிரே தெருக் கடையின் விலைச்சீட்டோ இருந்தால் அதைக் குப்பை என்று எறியாமல் அதே உறைக்குள் வையுங்கள். பெரியவர் முன்னால் தட்டை ஓடவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் தாத்தா, யாரோடு கேட்டீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதியுடன் ஒரு தாளில் பென்சிலால் எழுதித் தட்டோடு சேர்த்து வையுங்கள். மையால் எழுதாதீர்கள், டர்பன் ஈரத்தில் மை கசிந்து அட்டையில் இறங்கிவிடும்.