ஒரே அரசியல்வாதி, நாலு பேப்பர்: ஒப்பிட்டு வாசிக்கும் முறை

முதலில் ஆளைத் தெரிவுசெய்யாதீர்கள், சம்பவத்தைத் தெரிவுசெய்யுங்கள். "இவரைப் பற்றி இந்தப் பேப்பர் எப்படி எழுதுது" என்று தொடங்கினால், ஏற்கெனவே மனதில் இருப்பதற்குத்தான் ஆதாரம் பொறுக்குவோம். இலங்கைப் பாராளுமன்ற உரை ஒன்று நல்ல தொடக்கம். அரசியல்வாதி உண்மையில் என்ன சொன்னார் என்பதற்கு ஹன்சாட், அதாவது பாராளுமன்ற உரைகளின் உத்தியோகபூர்வப் பதிவு, இருக்கிறது. பேசிய மொழியிலேயே பதிவாகும். பாராளுமன்ற இணையத்தளத்தில் எடுக்கலாம். கூட்டப் பேச்சு என்றால் முழு வீடியோ வேண்டும், பேஸ்புக்கில் சுற்றும் அரை நிமிடத் துண்டு சரிவராது.

அடுத்தது பேப்பர். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொது நூலக வாசிப்பறையில் உட்கார்ந்தால் காசில்லாமல் காரியம் முடியும். தினகரன் கட்டாயம் வேண்டும்: அதை வெளியிடும் லேக் ஹவுஸ் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அரசின் கைக்குப் போன நிறுவனம். கூடவே வீரகேசரி, விடிவெள்ளி. இவை இரண்டும் ஒரே நிறுவனத்தின் வெளியீடுகள், ஆனால் விடிவெள்ளி முஸ்லிம் வாசகர்களுக்கானது. முதலாளி ஒன்று, வாசகர் வேறு என்றால் செய்தி எங்கே பிரிகிறது என்று பார்க்க இதைவிட வாய்ப்பான சோடி கிடைக்காது. யாழ்ப்பாணத்து உதயனையும் சேர்க்கலாம். அதன் நிறுவனர் சரவணபவன் 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி.யானவர் என்பதை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

சம்பவத்துக்கு மறுநாள் பேப்பரோடு நிறுத்தாமல் அதற்கடுத்த நாளினதையும் எடுங்கள். கொழும்பில் அச்சாகி இரவோடிரவாக வெளியூருக்கு வரும் பதிப்பு வேளைக்கே முடிக்கப்படும். பிந்தி நடந்தது அதில் இராது. அதை இருட்டடிப்பு என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை.

இனிக் கொப்பியில் கோடு கீறி, பேப்பருக்கு ஒரு வரிசையாகப் பக்கம், எத்தனை பத்தி அகலம், படம், பெயர், வினைச்சொல், எதிர்த்தரப்பின் பதில் என்று குறியுங்கள்.

பெயரில்தான் அதிகம் அகப்படும். கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சராக 2008 முதல் 2012 வரை இருந்தவரை "முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன்" என்று எழுதலாம், கட்சித் தலைவர் என்று எழுதலாம், இயக்கப் பெயரில் "பிள்ளையான்" என்று மட்டும் விடலாம். மூன்றும் பொய்யில்லை. ஆனால் தலைப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடம் போதாமல் உப ஆசிரியர் சின்னப் பெயரைப் போட்டிருக்கக்கூடும். செய்தியின் முதல் பந்தியில் எது வருகிறது என்பதே கணக்கு. கல்முனை வடக்குச் செயலகத்தைத் தரமுயர்த்துவதா இல்லையா என்ற பிரச்சினையிலும் இதே சோதனைதான்: "பிரதேச செயலகம்" என்கிறதா, "உப பிரதேச செயலகம்" என்கிறதா? அந்த "உப" இருப்பதும் இல்லாததுமே சண்டை என்பதால், 2019 ஜூன் உண்ணாவிரத நாட்களின் பேப்பர்களை எடுத்தால், தரமுயர்த்தச் சொன்ன அரசியல்வாதி எங்கே உரிமை கேட்பவர், எங்கே பிரிவினை கிளப்புபவர் என்று சீக்கிரம் பிடிபடும்.

வினைச்சொல்லுக்கு ஒரு சின்னப் பயிற்சி. "தெரிவித்தார்" வெறும் சொல். "வலியுறுத்தினார்" அவரைத் தூக்குகிறது. "சாடினார்", "சூளுரைத்தார்" சூடேற்றுகின்றன. "மழுப்பினார்" நிருபரின் அபிப்பிராயம், செய்தியில் அதற்கு இடமில்லை. பதில் கடைசிப் பந்தியில் ஒரு வரியாக வந்தால் வந்ததாகக் குறியுங்கள், ஆனால் எத்தனையாவது பந்தி என்பதையும் போடுங்கள்.

ஆசிரியர் தலையங்கத்தைச் செய்தியோடு ஒப்பிடக் கூடாது. ஞாயிறு அரசியல் பத்திகளும் அப்படித்தான். "அறியமுடிகிறது" என்று முடியும் வசனத்துக்குப் பொறுப்பாளி கிடையாது.

பேப்பருக்குப் பேப்பர் பார்த்தது போதும் என்று விடாமல், ஒரே பேப்பரை ஆட்சி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார்; 2014 டிசம்பர் தினகரனையும் 2015 பெப்ரவரி தினகரனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒரே அமைச்சரைத் தேடுங்கள். எங்களைக் கேட்டால் இந்தப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. பழைய இதழ்கள் கணிசமானவை நூலகம் எண்ணிமத் தளத்தில் இருக்கின்றன.

இரண்டு பேப்பரில் வசனம் வசனமாக ஒரே செய்தி, ஒரே படம் வந்திருந்தால் அது அரசியல்வாதியின் ஊடகப் பிரிவு அனுப்பியதாக இருக்கக்கூடும். அந்த வரிசையை வெட்டிவிட்டு, அதிலிருந்து எந்தப் பேப்பர் எந்தப் பந்தியைக் கழித்தது என்பதை மட்டும் பாருங்கள்.