இரவுப் பணி ஓடியதா, முடிந்ததா? கட்டளை வரியில் கிரொன் லொக் பார்ப்பது

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் வன்னியில் நெல் வாங்கும் இடங்களில் கணினிக்கும் ஓய்வில்லை. பகல் முழுக்க மூட்டைக் கணக்கு ஏறும். இரவு 2 மணிக்கு அந்தக் கணக்கைப் பிரதி எடுத்து வைக்கும் வேலையை, உபுண்டு இயங்குதளத்தில் குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் கிரொன் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். பரந்தன் பக்கம் ஓர் ஆலையில் அப்படி ஒன்றை நான் அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலை அங்கு வேலை செய்யும் தம்பி அழைத்தார்: "அண்ணை, ஓடினதெண்டு லொக்கில கிடக்கு. ஆனா பக்கப் ஃபைலைக் காணேல்லை."

அவர் சொன்ன இரண்டும் சரி. கிரொன் தன் லொக்கில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில், வழக்கமாக எழுதுவது பணியைத் தொடங்கிய செய்தியைத்தான். பணி ஒழுங்காக முடிந்ததா, நடுவில் விழுந்ததா என்பதை நாம்தான் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் டெர்மினலைத் திறந்து ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, இடைவெளி, குறிகள் எல்லாம் அப்படியே வர வேண்டும்.

படி 1: என்ன பணி, எத்தனை மணிக்கு?

கிரொன்டப் -எல்

ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து இடங்கள் இருக்கும்: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை. "0 2 * * *" என்றால் தினமும் இரவு 2 மணி.

படி 2: கிரொன் அதைத் தொடங்கியதா?

சூடோ ஜேர்னல்சீரீஎல் -யு கிரொன் --சின்ஸ் டுடே

ஜேர்னல் என்ற சொல்லோடு சீ, ரீ, எல் மூன்று எழுத்தையும் ஒட்டித் தட்டுங்கள். வரும் வரிகளை அவசரப்படாமல் வாசியுங்கள். முதலில் நேரம், பிறகு கணினியின் பெயர், அடைப்புக்குறிக்குள் பயனர் பெயர், அப்புறம் சீஎம்டீ என்ற மூன்று எழுத்து, அதன் பின்னால் ஓட்டிய கட்டளை. வெளியே வர க்யூ எழுத்தை அழுத்துங்கள்.

ஆலையில் அந்த வரி 02:00:01 என்ற நேரத்துடன் இருந்தது. அதற்குக் கீழே தம்பி கவனிக்காத இன்னொரு வரி: "நோ எம்ரீஏ இன்ஸ்டோல்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்". பணி ஏதோ சொல்லியிருக்கிறது. அதை மின்னஞ்சலில் அனுப்பக் கிரொன் பார்த்திருக்கிறது. அஞ்சல் மென்பொருள் இல்லாததால் சொன்னதை வீசிவிட்டது. இந்த வரியைக் கண்டால், பிழைச்செய்தி ஒன்று கைநழுவிப் போயிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சீஎம்டீ வரியே இல்லையா? மின்வெட்டாக இருக்கலாம். "ஜேர்னல்சீரீஎல் --லிஸ்ட்-பூட்ஸ்" கணினி எப்போது எழும்பியது, எதுவரை ஓடியது என்று காட்டும். அணைந்திருந்த நேரத்தில் தவறிய பணியைக் கிரொன் பிறகு ஓட்டாது. இணையத்தில் வாடகைக்கு எடுத்த சேர்வர் என்றால் "டைம்டேட்சீரீஎல்" தட்டி நேர வலயத்தையும் பாருங்கள். அது யூரீசீ என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் இரவு 2 மணி நமக்குக் காலை 7:30.

படி 3: பணியின் பேச்சைப் பிடியுங்கள்

கிரொன்டப் -ஈ

என்று திறந்து, பணி வரியின் கடைசியில் இதைச் சேருங்கள்:

>> /ஹோம்/உங்கள்பெயர்/பக்கப்.லொக் 2>&1

இரட்டைக் குறி பழையதை அழிக்காமல் கீழே எழுதும். "2>&1" பிழைச்செய்தியையும் அதே கோப்புக்குள் கொண்டுவரும். இதை விட்டால் நமக்கு வேண்டிய செய்தியே கோப்பில் இராது. ஆகவே இதை மட்டும் ஒருபோதும் மறக்காதீர்கள்.

படி 4: வாசியுங்கள்

டெயில் -என் 20 பக்கப்.லொக்

கடைசி 20 வரிகள் வரும். பணி ஓடும்போதே பார்க்க "டெயில் -எஃப் பக்கப்.லொக்". நிறுத்தக் கன்ட்ரோலும் சீயும்.

அடுத்த நாள் காலை ஆலையில் இதைத் தட்டியபோது வந்தது ஒரே வரி. பிரதி எடுக்கும் கட்டளைகள் உள்ள கோப்பான ஸ்கிரிப்டின் பெயர், பக்கத்தில் "நொட் ஃபவுண்ட்". ஸ்கிரிப்ட் ஹோம் அடைவுக்குள் இருந்த "பின்" (பீ, ஐ, என்) என்ற பெயருள்ள அடைவில் கிடந்தது. தம்பி உள்நுழைந்து கையால் ஓட்டும்போது கணினி அங்கேயும் தேடும். கிரொன் அங்கே தேடாது. ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் முழுப் பாதையையும் எழுதினோம். அன்றிரவே பிரதி வந்தது.

அப்புறம், அதே வரியின் கடைசியில் இதையும் ஒட்டிவிட்டேன்:

&& டேட் >> /ஹோம்/உங்கள்பெயர்/பக்கப்.லொக்

பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் திகதியும் நேரமும் லொக்கில் விழும். தம்பி இப்போது காலையில் தராசைத் திறக்கும் முன் அந்தக் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்.