ரெபெல் அசால்ட்டை மறுபடி ஓட்ட: முதலில் குச்சியின் நடுவைப் பிடியுங்கள்

ரெபெல் அசால்ட் (1993), அதன் இரண்டாம் பாகம் (1995) என்ற ஸ்டார் வார்ஸ் கணினி விளையாட்டுகள் இரண்டையும் இத்தனை வருடம் கழித்து ஆட உட்காருகிறவர்கள் பலர் முதல் கட்டத்தைத் தாண்டுவதில்லை. பள்ளத்தாக்குக்குள் பறக்கும்போது கப்பல் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் முட்டும். விளையாட்டே மட்டம் என்று மூடி வைத்துவிடுவார்கள். கொஞ்சம் வழுக்குகிற விளையாட்டுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இழுப்பு பெரும்பாலும் நாம் டாஸ்பாக்ஸை (பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) அமைத்த விதத்தில் வருவது.

பின்னணியில் ஓடுவது முன்கூட்டியே தயாரித்த வீடியோ. 320க்கு 200 புள்ளி, 256 நிறம். இரட்டை வேக சிடி டிரைவ் நொடிக்கு 300 கிலோபைட்தான் தரும். அதற்குள் படமும் ஒலியும் அடங்க வேண்டும். அதன் மேல் உங்கள் கப்பலும் குறிவட்டமும் லேசர் கோடும் தனியாக வரையப்படுகின்றன. வீடியோ யாருக்காகவும் நிற்காது. ஆகவே நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: வேகம் ஒரே சீராக இருக்கணும், ஜாய்ஸ்டிக் குச்சியின் நடு (கையை விட்டால் கப்பல் நேராகப் போகிற நிலை) நகராமல் இருக்கணும்.

பழைய சிடி கையில் இல்லாதவர்களுக்கு ஜி.ஓ.ஜி., ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைகளில் இரண்டு பாகமும் ஒரே கட்டாகக் கிடைக்கிறது. அவர்கள் சிடி, டிரைவ் பற்றிய பத்திகளைத் தாண்டிவிடலாம்.

சிடி இருந்தால் முதலில் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அலுமினியப் பூச்சு அந்த இடத்தில் போய்விட்டது. எந்தத் துடைப்பும் அதை மீட்காது. அடிப்பக்கக் கீறலைவிட லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து, பூச்சு அந்தப் பக்கம் மெல்லிய வார்னிஷுக்குக் கீழேயே இருக்கிறது. வெறும் அழுக்கு என்றால் மென்மையான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, தொடர்ச்சியாகப் பல செக்டார்களை (தரவுத் துண்டுகளை) சாப்பிடும்.

இப்போதைய லேப்டாப்பில் டிரைவ் இருக்காது. பெங்களூரில் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம். பழைய சாட்டா டிவிடி ரைட்டர் அங்கே கிடைக்கும். யூ.எஸ்.பி. வயர் வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்குக்கான வயர் 5 வோல்ட் மட்டும் தரும். பெரிய டிவிடி டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். கதவுகூட ஒழுங்காகத் திறக்காது, டிரைவ் செத்துவிட்டது என்று நினைப்போம். தனி அடாப்டரோடு வருகிற வயரைக் கேளுங்கள்.

டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் சிடியை இமேஜாக (முழு சிடியின் நகல் கோப்பாக) எடுத்துவிடுங்கள். டிரைவ் நடுவில் தூங்கி எழுந்தால் வீடியோ ஓரிரு நொடி உறையும், அந்த நேரத்தில் நீங்கள் பாறையில் இருப்பீர்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் போதும், பின்-கியூ (.bin, .cue) வடிவில் எடுக்கலாம். படிக்க முடியாமல் திணறும் சிடிக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ: முதல் ஓட்டத்தில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, விட்டுப்போனதற்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். இரண்டாம் பாகம் இரண்டு சிடி. டாஸ்பாக்ஸின் இம்ஜ்மவுண்ட் கட்டளையில் இரண்டு கோப்புகளையும் ஒரே வரியில் அடுத்தடுத்துக் கொடுங்கள். விளையாட்டு இரண்டாவது சிடியைக் கேட்கும்போது கண்ட்ரோல் விசையோடு எஃப்4 அழுத்தினால் மாறிக்கொள்ளும்.

இனி குச்சி.

அந்தக் காலத்து 15 பின் ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு அச்சுக்கு ஒன்றாக 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். குச்சியை அசைத்தால் மின்தடை மாறும். ஒரு சிறு கெப்பாசிட்டர் சார்ஜ் ஏற ஆகும் நேரமும் அதோடு மாறும். விளையாட்டு அந்த நேரத்தை எப்படி அளக்கிறது? ஒரு சின்ன லூப்பை ஓடவிட்டு, எத்தனை சுற்று ஆனது என்று எண்ணுகிறது. வேகமான கணினியில் அதே நேரத்துக்குள் அதிகச் சுற்று ஓடும். அதாவது, கணினியின் வேகம் மாறினால் நீங்கள் குச்சியைத் தொடாமலே நடு நகர்ந்துவிடும்.

டாஸ்பாக்ஸ் இதையும் அப்படியே நகல் செய்கிறது. வேகத்தை முடிவு செய்யும் சைக்கிள்ஸ் என்ற அமைப்பை ஆட்டோ அல்லது மேக்ஸில் விட்டால் கணினியின் சுமைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும், நடுவும் கூடவே ஏறி இறங்கும். கப்பல் இழுப்பது இதனால்தான். ஆகவே வரிசை முக்கியம். சைக்கிள்ஸை ஃபிக்ஸ்ட் 20000இல் நிறுத்துங்கள். அறிமுக வீடியோ திக்கினால் கண்ட்ரோலும் எஃப்12ம் சேர்த்து அழுத்தி ஏற்றுங்கள். ஒலி கரகரத்தால் உங்கள் கணினி தாங்கவில்லை, எஃப்11இல் இறக்குங்கள். சீராக ஓடுகிற எண்ணை டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே விளையாட்டுக்குள் காலிபரேஷன் (குச்சியின் நடுவையும் ஓரங்களையும் விளையாட்டுக்குக் காட்டிக்கொடுப்பது) செய்யுங்கள். காலிபரேஷன் முடித்தபின் எஃப்11, எஃப்12 பக்கம் கை போகக்கூடாது.

அப்படியும் இழுத்தால் அதே கோப்பின் ஜாய்ஸ்டிக் பகுதியில் டைம்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். அப்போது டாஸ்பாக்ஸ் நேரத்தை விட்டுவிட்டு, எத்தனை தடவை படிக்கப்பட்டது என்ற கணக்கில் பதில் சொல்லும். வேகத்துக்கும் நடுவுக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடும். மாற்றியபின் மறுபடி காலிபரேஷன் வேண்டும். அதே பகுதியில் பட்டன்ராப்பும் ஃபால்ஸ். இல்லாவிட்டால் கேம்பேடின் கூடுதல் பொத்தான்கள் முதல் சில பொத்தான்களைப் போலவே வேலை செய்யும்.

கேம்பேடின் கட்டைவிரல் குச்சியில் ஆடலாம், ஆனால் அதன் ஓட்டம் குட்டை. லேசாகத் தள்ள நினைத்தால் பாதி தூரம் போய்விடும். மவுஸ் இதைவிடப் பரவாயில்லை. உண்மையான ஜாய்ஸ்டிக்தான் வேண்டும் என்றால் எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்துகளிலும், பெங்களூர்க்காரர்கள் குஜரி என்று சொல்லும் பழைய சாமான் கடைகளிலும் துழாவலாம். போகும்போது மல்டிமீட்டர் எடுத்துச் செல்லுங்கள். பிளக்கில் 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே இடவல அச்சு, 1க்கும் 6க்கும் நடுவே மேல்கீழ் அச்சு. குச்சியை மெதுவாகச் சாய்க்கும்போது மின்தடை தாவாமல் வழுவழுப்பாக ஏறி இறங்க வேண்டும். நடுவில் விட்டால் ஏறக்குறைய பாதிக்கு வர வேண்டும். எண் துள்ளினால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். எண்ணே வரவில்லை என்றால் தடம் தேய்ந்துவிட்டது, கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். யூ.எஸ்.பி.க்கு மாற்ற உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் தேவை. வெறும் வடிவம் மாற்றும் பிளக்கால் ஒன்றும் நடக்காது.

படம். டாஸ்பாக்ஸ் கோப்பில் ஆஸ்பெக்ட் என்பதை ட்ரூ ஆக்காவிட்டால் எல்லோரும் குள்ளமாக, அகலமாகத் தெரிவார்கள். 320க்கு 200 என்ற படம் 4:3 திரைக்காகச் செய்தது. 1080 வரித் திரையில் சரியான அளவு 1440க்கு 1080, இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும், இருக்கட்டும். 1600க்கு 1200 காட்டும் பழைய மானிட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம்: குறுக்கே 5 மடங்கு, நெடுக்கே 6 மடங்கு, மிச்சமே இல்லாமல் பொருந்தும். ஓவியத்தை வழுவழுப்பாக்கும் ஸ்கேலர்களை (படத்தைப் பெரிதாக்கும் அமைப்புகளை) இதில் போடாதீர்கள், வீடியோவின் புள்ளிகள் களிம்பு பூசியது போல ஆகிவிடும். டிவியில் ஆடினால் கேம் மோட் கட்டாயம்.

ஒலி அட்டை அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 7, டி.எம்.ஏ. 1. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் ஐ.ஆர்.க்யூ. பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ஆடும்போது கப்பலைப் பார்க்காதீர்கள், அடுத்த திருப்பத்தைப் பாருங்கள். குச்சியைச் சாய்த்தே வைத்திருந்தால் கப்பல் தாண்டிப் போகும். தட்டித் தட்டி விட வேண்டும். பின்னணி ஒவ்வொரு முறையும் ஒன்றேதான், ஆகவே ஒரு கட்டத்தில் மூன்று முறை செத்தாலும் பரவாயில்லை என்று ஆடுங்கள்: முதல் முறை சுடாமல் வழியை மட்டும், இரண்டாம் முறை எதிரிகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று, மூன்றாம் முறை சுட்டுக்கொண்டே. இரண்டாம் பாகத்தில் நடந்து சுடும் காட்சிகளில் மறைவுக்குள்ளேயே இருந்து பழகுங்கள். அந்தப் பாகத்தின் நடிகர்களைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். மனிதர்களை வைத்தே படமெடுத்திருக்கிறார்கள், அதுவும் ஸ்டார் வார்ஸ் படக்குழு பத்திரப்படுத்தியிருந்த பழைய உடைகளோடும் சாமான்களோடும்.

முதல் பாகத்தில் சில கட்டங்கள் முடிந்ததும் கடவுச்சொல் ஒன்று திரையில் வரும். எளிது, நடுத்தரம், கடினம் மூன்றுக்கும் சொற்கள் வேறு வேறு. எந்த நிலைக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.